நான்கு சரக்கில் ஒரு மருந்து

சீன மரபு மருத்துவத்தில் ஒற்றை மூலிகையைத் தனியே கொடுப்பது குறைவு. பல சரக்குகளைக் கூட்டிக் கொடுப்பதே வழக்கம். கூட்டில் நோயை நேராகத் தாக்குவது அரசன். அதற்கு வலுவூட்டுவது அமைச்சன். கடுமையைத் தணிப்பது உதவியாளன். மருந்தை உரிய இடத்துக்கு இட்டுச்செல்வது தூதன். பட்டறிவில் விளைந்த இந்தப் பகுப்பை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது கடினம். ஒரு கஷாயத்தில் எத்தனையோ வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். ஆகவே ஆய்வாளர் பலர் ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை நாடினர். 1972இல் தூ யோயோ குழுவினர் பிரித்தெடுத்த மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் அவ்வழியில் கிடைத்த பெரும்பேறு.

கூட்டைக் கூட்டாகவே ஆராய்ந்து தெளிவு கண்டதற்குச் சிறந்த சான்று, ஹுவாங் ஷிலின் 1980களில் உருவாக்கிய மருந்து. சித்த மருத்துவத்தில் மனோசிலை எனப்படும் ஆர்செனிக் கந்தகக் கனிமம், நீலச்சாயச் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் பொடி, டான்ஷென் வேர், தைஸிஷென் வேர் ஆகிய நான்கும் அதில் சேரும். தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு அது பயன்பட்டது. இந்நோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் கலப்புப் புரதம் வெள்ளணுக்களை முதிரவிடாமல் தடுக்கிறது.

ஷாங்காயில் சென் சு, சென் சைஜுவான் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, முதல் மூன்று சரக்குகளின் முதன்மைப் பொருள்களை எடுத்துக்கொண்டது: ஆர்செனிக் சல்பைடு, இண்டிருபின், டான்ஷினோன். ஆர்செனிக் அந்தக் கலப்புப் புரதத்தைத் தாக்கிச் சிதைக்கிறது. மற்ற இரண்டும் புற்றணுவின் சவ்வில் அக்வாகிளிசரோபோரின்-9 என்னும் வாயிற்புரதத்தைப் பெருக்குகின்றன. ஆர்செனிக் கூடுதலாக உள்ளே புகுகிறது. நோயுற்ற எலிகளும் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நாள் உயிர்வாழ்ந்தன. அரசனும் துணைவரும் என்ற பழைய பாகுபாட்டுக்கு மூலக்கூறு அளவில் இவ்வளவு தெளிவான விளக்கம் கிடைத்தது அரிய நிகழ்வு. நான்காவது சரக்கான தைஸிஷென் இச்சோதனையில் இடம்பெறவில்லை.

2013இல் 242 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினர் ஹுவாங்கின் மருந்தை மாத்திரையாக உட்கொண்டனர். மறு பிரிவினருக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு நரம்புவழி ஏற்றப்பட்டது. ஈராண்டுக்குப் பின் நோய் மீளாதிருந்தோர் முறையே 98.1, 95.5 விழுக்காடு. மாத்திரை ஊசிக்குச் சளைத்ததன்று என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க முடிவு. அதற்கு மேல் சொல்வது மிகை. இரு பிரிவினருக்கும் ட்ரெட்டினாயின் மருந்தும் கீமோதெரபியும் தரப்பட்டதால் வெற்றி முழுவதையும் மாத்திரையின் கணக்கில் எழுத இயலாது. எனினும், வாரக்கணக்கில் நரம்பூசிக்காக மருத்துவமனையில் கிடக்க வேண்டிய நோயாளி வீட்டிலிருந்தே மருந்து உண்ணலாம் என்பது பெரிய ஆறுதல். ஆர்செனிக் நஞ்சு என்பதால் கல்லீரல், இதயச் சோதனைகளும் மருத்துவக் கண்காணிப்பும் இன்றி இதைத் தொடவே கூடாது.