கிண்ணமும் தேனும்

வாதத்தில் நேரும் வழுக்களை அரபுத் தர்க்கவியலார் ‘முகாலதா’ என்பர். அவற்றுள் ஒன்று, சொல்லை விடுத்துச் சொன்னவரை எடைபோடுவது. இவ்வழு இரு திசைகளிலும் விளைவிக்கும் கேட்டை இமாம் கஸ்ஸாலி (ரஹ், 1058–1111) தம் ‘அல்முன்கித்’ நூலில் விளக்குகிறார்.

கிரேக்க மரபுத் தத்துவவாதிகளின் கணிதத் துல்லியத்தை வியந்த ஒருவர், இறையியலிலும் அவர்கள் கூற்று அத்தகையதே என நம்பிவிடுகிறார். ஒரு கலையில் வல்லவர் எல்லாக் கலைகளிலும் வல்லவராக வேண்டியதில்லை என்பது இமாமின் மறுப்பு.

மார்க்கத்தின் அறியாத் தோழரோ, அவர்கள் கூறினர் என்பதற்காகவே கிரகணக் கணக்கையும் மறுக்கிறார். கணக்கின் சான்றை அறிந்தவர் இதைக் கேட்டால் ஐயுறுவது கணக்கையன்று, இஸ்லாத்தையே. காக்க வந்தவரே ஊறு செய்தவராகிறார்.

இதை உரைத்தவர், 1095இல் ‘தஹாஃபுத்’ நூலை முடித்து, அதே தத்துவவாதிகளை 20 பிரச்சினைகளில் எதிர்த்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. எதிர்ப்பு அவரது நடுநிலையைக் குலைக்கவில்லை.

ஹிஜாமா செய்பவரின் கிண்ணத்தில் இருப்பதால் தேன் தன் இயல்பை இழப்பதில்லை என்கிறார் இமாம். இன்று ஒரு கருத்தைக் கேட்டதும் அதைக் கூறியவர் எந்த அணியினர் என்றே முதலில் வினவுகிறோம். சான்று யாதென வினவுவதே நம் முன்னோர் காட்டிய நெறி.