அயலார் மொழியும் பிறப்பின் உயர்வும்: கிரேக்க இனமுற்சாய்வு, தொடக்கக் கிறித்தவம், தமிழ்த் திருச்சபை

பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ஆம்போரா சாடி ஓடுகள் கிடைத்துள்ளன. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை யவனரின் அன்னவிளக்கை உவமையாகக் கையாள்கிறது. யவனரின் பொருள் இவ்வாறு மதிக்கப்பட்டபோதும் அவர்தம் பேச்சு மதிக்கப்படவில்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம் அவர்களைக் கடுஞ்சொல்லினர் என்கிறது. முல்லைப்பாட்டோ பாசறையில் காவல்புரியும் மிலேச்சரைச் சைகையால் உரைப்போராகக் காட்டுகிறது.

கிரேக்கரும் பிறரை இவ்வாறே நோக்கினர். 'பார்பரோஸ்' என்பது புரியாத பேச்சைக் குறித்த ஒலிக்குறிப்புச் சொல்லாகத் தோன்றியது என ஸ்ட்ராபோ விளக்குகிறார். மொழி பற்றிய இவ்விகழ்ச்சி அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலில் பிறப்பு பற்றிய கோட்பாடாக மாறுகிறது. அங்கு அயலாரும் அடிமையரும் இயல்பால் ஒன்றெனப்படுகின்றனர். இதற்கு மாற்றுக்குரலும் எழுந்தது. மக்களைக் கிரேக்கர், அயலார் எனப் பிரிப்பதினும் நற்பண்பு, தீப்பண்பு கொண்டு பிரிப்பதே தகும் என்ற எரடோஸ்தனிஸ், பண்பட்ட அயலாருக்கு இந்தியரையும் சான்றாகக் காட்டினார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரம், மொழி அறியாதபோது பேசுவோரும் கேட்போரும் ஒருவருக்கொருவர் 'பார்பரோஸ்' ஆவர் என்கிறது. ஒருதலையான இகழ்ச்சி இங்கு இருபாற் பொதுநிலையாகிறது. பவுலின் பெயரில் வழங்கும் கொலோசையர் திருமுகம் (3:11) கிரேக்கர், யூதர், அயலார், சித்தியர், அடிமை என்னும் வேறுபாடுகள் கிறிஸ்துவுக்குள் இல்லை என்கிறது. எனினும் அதே அதிகாரம் (3:22) அடிமைகள் தம் தலைவருக்குக் கீழ்ப்படியுமாறு பணிக்கிறது. சமயச் சமத்துவம் சமூக அமைப்பைத் தொடாமல் நின்றுவிட்ட எல்லை இதுவாகும்.

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் இவ்வெல்லை தென்படுகிறது. இருக்கையிலும் திருவிருந்திலும் பேணப்பட்ட சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் எனக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுத்தார். வேப்பேரி, தஞ்சாவூர் சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோருள் புகழ்பெற்ற கிறித்தவக் கவிஞரான வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். சாதி உலகியல் வழக்கமே, விசுவாசத்திற்குப் புறம்பானது என்பது எதிர்த்தோர் வாதம்.

மொழியால் எழும் அயன்மை, மொழி கற்றவுடன் நீங்கக்கூடியது. பிறப்பின்மீது ஏற்றப்பட்ட இழிவு அவ்வாறு நீங்குவதில்லை. எனவே திருச்சபையின் சமத்துவப் போதனையை மதிப்பிடுவதற்குத் திருமுகங்களின் சொற்கள் மட்டும் போதா. யார் எங்கு அமர்ந்தனர், திருவிருந்துக் கிண்ணத்தை யாருக்குப் பின் யார் பெற்றனர் என்பனவும் உடன்வைத்து ஆராயப்பட வேண்டிய சான்றுகளாகும்.