மலத்தை அடக்க முடியவில்லையா? 'நரம்புத் தூண்டல்' சிகிச்சை யாருக்குக் கைகொடுக்கும்?

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. லைனில் நின்றுவிட்டால், மாற்று ஆள் வந்தால்தான் நகர முடியும். மலத்தை அடக்க முடியாதவர்களுக்கு இந்த எட்டு மணி நேரம் எப்படி இருக்கும்? வெளியே சொல்லக் கூச்சப்பட்டு பட்டினியாக வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால், இது சிகிச்சை உள்ள நோய்தான்.

ஏன் வருகிறது?

பிரசவத்தின்போது ஆசனவாய்த் தசை கிழிவது முக்கியக் காரணம். சிலருக்குப் பல வருஷம் கழித்துத்தான் பாதிப்பு தெரியவரும். சர்க்கரை நோய், மூலம், பௌத்திர ஆபரேஷன், முதுகுத்தண்டு பாதிப்பு, நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவையும் காரணமாகலாம்.

முதல் சிகிச்சை என்ன?

உணவு மாற்றம், மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. பலருக்கு இதிலேயே நல்ல முன்னேற்றம் கிடைக்கும். பலன் இல்லை என்றால்தான் நரம்புத் தூண்டல்.

எப்படிச் செய்கிறார்கள்?

முதுகின் அடிப்பகுதி எலும்பு வழியாக வரும் நரம்புகள்தான் மலக்குடலை மூளையோடு இணைக்கின்றன. அந்த நரம்பின் அருகே மெல்லிய கம்பியை வைத்து, லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். முதலில் பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் சோதனை. கசிவு பாதியாவது குறைந்தால் மட்டுமே, பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கு அடியில் நிரந்தரக் கருவி வைப்பார்கள். ஜெர்மனி மருத்துவர்கள் 1995-ல் இதை முதன்முதலில் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2011-ல் அனுமதித்தது.

கணுக்காலில் ஊசி போட்டால் போதுமா?

கணுக்கால் அருகே ஊசி வழியாக வாரம் 30 நிமிடம், 12 வாரம் மின்துடிப்பு தரும் முறையும் உண்டு. பிரிட்டனில் 227 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதம் பேருக்கும் கசிவு பாதியாகக் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்?

* கருவியின் விலை அதிகம். பேட்டரி தீர்ந்தால் மீண்டும் சிறு ஆபரேஷன் தேவை. இ.எஸ்.ஐ, முதல்வர் காப்பீட்டில் வருமா என முன்பே கேளுங்கள்.
* வெல்டிங், இண்டக்‌ஷன் ஃபர்னஸ் அருகே வேலை செய்கிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மின்காந்தப் புலம் கருவியைப் பாதிக்கலாம்.
* எம்.ஆர்.ஐ எடுக்கும் முன்பும் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கே போவது?

முதலில் ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். தேவைப்பட்டால் பெங்களூரு, வேலூர், சென்னையில் உள்ள பெருங்குடல் சிறப்பு மருத்துவர்களிடம் போகலாம்.

திடீரென அடக்க முடியாமல் போய், கூடவே முதுகுவலி, கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போதல் இருந்தால் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.