படியெடுத்தலும் படித்தலும்

தமிழில் 'படி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. அவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒரு நூலைப் பார்த்து எழுதிய மற்றொரு நூல் படி எனப்படும். நூலை ஓதி அறிதல் படித்தல் எனப்படும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் வந்து கூடியிருப்பது ஓர் உண்மையை நினைவூட்டுகிறது. படிக்க இயலாத படி, படி ஆகாது.

ஓலைச்சுவடிக் காலத்துப் புலவர்கள் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். வீடுதோறும் கணினி அமர்ந்துவிட்ட இக்காலத்தில் இது மறக்கப்பட்டு வருகிறது. எந்த மென்பொருளில் எழுதுவது, எழுதியதை எவ்வாறு காப்பது என்பன இரு வேறு வினாக்கள்போலத் தோன்றும். அவை ஒரே வினாவின் இரு கூறுகளே என்பதை வீட்டுக் கணினியின் வரலாறு காட்டும்.

ஓலை தந்த பாடம்

பனையோலை என்றும் நிலைக்கும் பொருளன்று. செல்லரிக்கும், முறியும், உதிரும். ஆதலின், பழஞ்சுவடி சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பது முன்னோர் மரபாயிற்று. சங்கப் பாடல்கள் இன்று கிடைப்பதற்குக் காரணம் முதலில் எழுதிய ஓலை அழியாமல் இருந்தமை அன்று; படியெடுத்த கைகள் தலைமுறைதோறும் ஓயாமல் இருந்தமையே.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், பின்னர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார். ஐயர் ஒரு சுவடியை மட்டும் நம்பி இந்நூல்களைப் பதிப்பிக்க முற்படவில்லை. ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒரு படியில் ஏடு முறிந்த இடத்தை வேறோர் ஊரிலிருந்து வந்த படி நிரப்பியது. படிகள் பலவாக இருந்ததோடு அவை பல ஊர்களில் இருந்ததும் தமிழுக்கு அரணாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு காட்டியுள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் வாங்கி வைக்க முடிந்தது. படி இல்லாத சுவடிகள் மீளவில்லை.

ஓலை மற்றொரு பாடத்தையும் தந்தது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதும் இல்லை. ஓலை முழுமையாகக் கையில் இருந்தாலும், அந்த எழுத்து வழக்கை அறியாதவர் அதைப் படிக்க இயலாது. பொருள் இருப்பது வேறு. அதைப் படிக்கும் முறை இருப்பது வேறு. கணினி வரலாற்றில் மிகுந்த இழப்பை விளைவித்தது இந்த வேறுபாடே.

வீட்டுக்கு வந்த கணினி

பெரிய நிறுவனங்களின் அறைகளில் இருந்த கணினி 1970-களின் பிற்பகுதியில் வீட்டுக்குள் நுழைந்தது. ஆப்பிள் 2 என்னும் கணினி 1977-இலும், ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி 1981-இலும் வெளிவந்தன. கருவியைவிட அதில் இயங்கிய மென்பொருளே மக்களைக் கவர்ந்தது. 1979-இல் வந்த விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருளுக்காகவே ஆப்பிள் கணினியை வாங்கியோர் உண்டு. எழுதுவோருக்கு வேர்ட்ஸ்டார் பெருந்துணையாயிற்று.

அக்காலத்து வீட்டுக் கணினிகள் பலவற்றில் உள்ளே வன்தட்டு இல்லை. மென்பொருளும் எழுத்தும் நெகிழ்வட்டுகளிலேயே இருந்தன. மூலவட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு அதன் படியைக் கொண்டு வேலை செய்க என்று மென்பொருள் கையேடுகள் அறிவுறுத்தின. வட்டு முழுவதையும் மற்றொரு வட்டில் படியெடுக்கும் கட்டளை கணினியிலேயே இருந்தது. வேர்ட்ஸ்டாரும் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது அதன் முந்தைய வடிவத்தைத் தனியே விட்டுவைத்தது. படியெடுத்தல் அன்று அன்றாடப் பழக்கமாக இருந்தது.

ஆயினும் அப்படிகளில் ஒரு குறை மறைந்திருந்தது. வேர்ட்ஸ்டார் தன் வசதிக்காக ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் ஒரு மறைகுறியைச் சேர்த்தது. அம்மென்பொருளில் பார்க்கும்போது அது தெரியாது. வேறு மென்பொருளில் திறந்தால் சொல்தோறும் ஈற்றெழுத்து உருமாறித் தோன்றும். வேர்ட்பெர்ஃபெக்ட், மைக்ரோசாப்ட் வேர்ட் ஆகியவை செல்வாக்குப் பெற்று, வேர்ட்ஸ்டார் வழக்கொழிந்தபோது, பழைய கோப்புகளை வைத்திருந்தோர் இதை உணர்ந்தனர். அவர்கள் வட்டைக் காத்தனர். ஆனால் அதைப் படிக்கும் வழியைக் காக்கவில்லை.

தமிழ் எழுத்துகள் பட்ட பாடு

ஆங்கிலத்துக்கே இந்நிலை என்றால் தமிழுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

கணினிக்கு எழுத்து என்பது எண்ணே. 1963-இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் அமெரிக்கக் குறியீட்டு முறை 128 இடங்களை மட்டுமே கொண்டது. பின்னர் 256 இடங்கள் கிடைத்தபோதும் அவற்றில் தமிழுக்கென்று பொதுவாக எதுவும் ஒதுக்கப்படவில்லை. தமிழ் மென்பொருள் செய்தோர் தத்தம் விருப்பப்படி இடங்களை அமைத்துக்கொண்டனர். வேறு வழியும் அன்று இல்லை.

இம்முயற்சியில் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னணியில் நின்றமை பெருமைக்குரியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை அமைத்து, 1995-இல் இணையத்தில் தமிழ் ஏறத் துணைநின்றார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கினார்.

தமிழ் கணினியில் ஏறியது. ஆனால், ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாயிற்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலோ ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்து நின்றன. கோப்பில் ஓர் எண்ணும் அழியவில்லை. எந்த எண் எந்த எழுத்து என்னும் அறிவுதான் விடுபட்டது.

இம்மயக்கம் தீர 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழிணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாக டாப், டாம் என்னும் குறியீட்டு முறைகளும், தமிழ் 99 விசைப்பலகையும் அமைந்தன. இதற்கு முன்பே, 1991-இல் வெளியான யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் தமிழ் இடம்பெற்றிருந்தது. இதுவே ஒருங்குறி எனப்படுவது. இதன்படி அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. எந்நாட்டுக் கணினியாயினும் இவ்வெண்கள் மாறா. எனினும் வீட்டுக் கணினிகள் ஒருங்குறித் தமிழைக் காட்டக் கற்றது பின்னரே. விண்டோஸ் முறையில் 2000-ஆம் ஆண்டிலும், ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவோடு 2005-இலும் அது நிறைவேறியது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது.

ஆகவே 1985 முதல் 2005 வரையிலான ஏறத்தாழ 20 ஆண்டுகளில் தமிழில் தட்டெழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பழைய குறியீடுகளிலேயே அமைந்தது. வினாத்தாள், பள்ளி நாடகம், ஆலய விழா மலர், ஊர் வரலாறு, கவிதை எனப் பலவும் அதில் அடங்கும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல வழிகாட்டியாகும். தன்னார்வத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். குறியீட்டு முறை மாறியபோது முன்பு ஏற்றியவற்றையும் புதிய முறைக்கு மாற்றினர். பழைய ஓலையிலிருந்து புதிய ஓலைக்குப் படியெடுத்த மரபின் தொடர்ச்சியே இது.

இழந்தோரும் மீட்டோரும்

பெரிய நிறுவனங்களும் இவ்வகையில் தவறியதுண்டு. இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு நூலின் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பிபிசி நிறுவனம் 1986-இல் ஒரு புதிய நாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர். அவை பெரிய ஒளிவட்டுகளில் பதிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகளுக்குள் அவ்வட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாயின. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப்போல் நடந்துகொள்ளும் மென்பொருளைச் செய்து அதனை மீட்டனர். 1086-ஆம் ஆண்டின் தோல் ஏடுகளோ அப்போதும் படிக்கத்தக்கனவாகவே இருந்தன.

1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி, தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. காப்புப்படி இருக்கிறதென்று தேடினர். அம்முறை சில வாரங்களாகவே சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேலின் சூஸ்மன் என்னும் அலுவலர் குழந்தைப்பேற்றின் பொருட்டு வீட்டிலிருந்து பணிபுரிந்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த படியே அன்று கைகொடுத்தது. பெருநிறுவனத்தின் காப்பறை காக்காததை ஒரு வீட்டுக் கணினி காத்தது.

மூன்று படிகள்

இத்தகைய பட்டறிவுகளைச் சுருக்கிக் கூறும் விதி ஒன்று உண்டு. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரின் நூலால் 2000-களில் பரவியது அது. மூன்று படிகள் வேண்டும். அவை இரு வேறு வகைக் கருவிகளில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும். ஊர் ஊராகச் சுவடி தேடிய ஐயருக்கு இவ்விதி புதியதாகத் தோன்றியிருக்காது.

கருவிகளுக்கும் இன்று குறைவில்லை. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'தம்டிரைவ்' என்னும் விரலியை அறிமுகப்படுத்தியது. 2007-இல் ஆப்பிள் கணினியில் வந்த 'டைம் மெஷின்' புறத்தட்டில் தானாகவே படியெடுத்தது. டிராப்பாக்ஸ் 2008-இலும், கூகுள் டிரைவ் 2012-இலும் வந்தன. இவை கோப்பைத் தொலைவிலுள்ள கணினிகளில் வைக்கும் மேகச் சேமிப்பு முறைகள்.

இங்கு ஒரு மயக்கம் நேர்வதுண்டு. மேகச் சேமிப்பு பெரும்பாலும் வீட்டுக் கணினியின் நிழல்போல நடந்துகொள்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் கெட்டதே அங்கும் செல்லும். அழித்ததைச் சில நாள் வைத்திருந்து திருப்பித் தரும் வசதி உண்டெனினும் அதற்கும் கெடு உண்டு. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்டது. அத்தகைய தீநிரல் கணினியோடு இணைந்திருக்கும் புறத்தட்டையும் விடாது. ஆதலின், படியெடுத்தபின் கழற்றி வைக்கும் தட்டு ஒன்று இன்றியமையாதது.

தெரிவு செய்யும் முறை

மென்பொருளைத் தெரிந்தெடுப்போர் அதன் அழகையும் விலையையும் நோக்குவது இயல்பு. அவற்றுக்கு முன் மூன்று வினாக்கள் எழவேண்டும். இதில் எழுதியதை வேறு மென்பொருள் திறக்குமா? தமிழ் ஒருங்குறியில் பதிகிறதா? இம்மென்பொருளைக் கைவிட நேர்ந்தால் எழுதியவை அனைத்தையும் வெளியே எடுக்க வழியுண்டா?

இவற்றுக்கு விடை தரும் பொதுக் கோப்பு வடிவங்கள் இன்று உள்ளன. திறந்த ஆவண வடிவம் 2006-இலும், பிடிஎஃப் வடிவமும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் புதிய ஆவண வடிவமும் 2008-இலும் உலகத் தரங்களாக ஏற்கப்பட்டன. 2010-இல் தோன்றிய லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் அவற்றைக் கையாளும். எந்த மென்பொருளும் நிலையானதன்று. உலகெங்கும் வழங்கிய விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் பொது ஆதரவு நின்றது. மென்பொருள் மாறும்போது எழுத்தும் உடன் மாறிச் செல்ல வழி இருக்கவேண்டும்.

படியெடுத்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். கூடுமாயின் வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் நன்று. திறந்து பாராத காப்புப்படி, பிரித்துப் பாராத சுவடிக் கட்டைப் போன்றது. உள்ளே ஏடு இருக்கலாம். செல்லரித்த தூளும் இருக்கலாம்.

பழைய நெகிழ்வட்டுகளும், பழைய எழுத்துருவில் அச்சடித்த தாள்களும் இன்னும் பல ஆசிரியர் வீடுகளின் அலமாரிகளில் உள்ளன. முரசு, மயிலை, டாப் முதலிய குறியீடுகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியும் முயன்றால் கிட்டும். ஆனால் அவ்வட்டின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் வலுவிழக்கிறது. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று நினைவில் வைத்திருப்போருக்கும் வயது ஏறுகிறது. தோட்டப் பள்ளியில் அரங்கேறிய ஒரு நாடகமோ, தோட்டமே இல்லாமற் போன ஓர் ஊரின் வரலாறோ அவ்வட்டில் மட்டுமே இருக்கலாம். ஓலை உதிருமுன் ஐயரின் கை சென்றதுபோல, அவ்வட்டு மங்குமுன் தமிழாசிரியரின் கை செல்லுமாயின், அந்த எழுத்து அடுத்த தலைமுறையின் கண்ணுக்கும் எட்டும்.