தேயும் ஒலியும் விரையும் விரலும்

விரலின் விரைவை வித்தையென வியப்பதும், வெறும் வித்தையென இகழ்வதும் இசையுலகில் பழைய வழக்கு. சொல்லடுக்கில் வல்ல கவிஞரையும் நாம் இவ்வாறே அளக்கின்றோம். அவ்விரைவு பிறந்த காரணத்தை இரு வரலாறுகள் காட்டுகின்றன.

இத்தாலிய மொழியில் 'டொக்காட்டா' என்பது தொட்டு இசைக்கப்பெறுவது, பாடப்பெறுவதோ 'கன்டாட்டா'. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெனிஸ் நகரப் புனித மாற்கு ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஆந்திரேயா கபிரியேலி, கிளாடியோ மெருலோ ஆகியோர் இவ்வடிவத்தை வளர்த்தனர். பின்னர் ரோமாபுரியில் பிரெஸ்கோபால்டி, 1615இல் ஹார்ப்சிகார்டுக்கென ஒரு டொக்காட்டாத் தொகுதி வெளியிட்டார். நாடக மேடைகளில் நாம் கேட்ட ஆர்மோனியத்தில் துருத்திக் காற்று உள்ளவரை சுரம் நிற்கும். ஹார்ப்சிகார்டிலோ, கட்டையை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு முள் தந்தியை மீட்டும். ஒலி விரைவில் தேயும். ஆதலின், வாத்தியம் வெறுமையுறாதபடி சுரக்கூட்டுகளைப் பிரித்தும் மீண்டும் மீண்டும் மீட்டியும் இசைக்குமாறு அவர் முன்னுரையில் அறிவுறுத்தினார். சொற்பொருளுக்கேற்ப நடை மாறும் மாட்ரிகல் பாடல்களைப் போல, தாளக்கட்டைத் தளர்த்தி வாசிக்கவும் பணித்தார். ஆக, அங்கே கைக்குக் கவிதையே ஆசான்.

ஏறத்தாழ அக்காலத்தில்தான், தஞ்சை இரகுநாத நாயக்கர் ஆட்சியில், 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த வீணை உருவாயிற்று என்பது மரபு. வீணையின் ஒலியும் தேய்வதே. ஆலாபனைக்கும் பல்லவிக்கும் இடையே, தாளச் சுற்றின்றி, ஆயினும் லயம் குன்றாது அமைவது தானம். வலக்கை விரல்கள் தந்தியை இடையறாது மீட்ட, பக்கத் தந்திகள் மூன்றும் அவ்வப்போது ஒலித்து இடைவெளியை நிரப்பும். காரைக்குடிச் சகோதரர்களான சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் தானத்தால் பெரும்புகழ் எய்தினர். வாய்ப்பாட்டினர் 'அனந்தம்', 'ஆனந்தம்' என்னும் ஒலிகளால் தானம் பாடுகையில் வீணையின் மீட்டையே குரல் பின்பற்றக் காண்கிறோம். அங்கே பாட்டிடம் கை கற்றது. இங்கே கையிடம் பாட்டு கற்றது.

பிற்காலத்தில் ஷூமன் 1834இலும் புரோகோஃபியெவ் 1912இலும் பியானோவுக்கென அளித்த டொக்காட்டாக்கள் ஓயாத ஓட்டமாகி, வாசிப்பவரின் வலிமைக்கு உரைகல்லாயின. அவையும் சிறந்தவையே. எனினும், தொடக்கத்தில் விரல் விரைந்தது கைதட்டல் வேண்டியன்று. அணையவிருந்த ஒலியை அணையாமற் காக்கவே.

பத்தாண்டுகளாய் நெமிலியில் கூடிக் கவிதை வாசிக்கும் நமக்கு இவ்வரலாறு ஓர் அளவுகோல் தருகின்றது. அடுக்கிய சொல் எதைக் காக்க அடுக்கப்பட்டது என்று கேட்போம். விடையுள்ள அடுக்கே கவிதை.