உடைந்த ஃபோர்க்

1913-ம் வருடம், ஜூலை மாதம். பிரான்ஸின் தெற்கு எல்லையில் பைரனீஸ் மலைத்தொடர். அதிலே டூர்மாலே என்று ஒரு கணவாய். உயரம் 2,115 மீட்டர். அங்கிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். தோளில் சைக்கிள். கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர்.

சைக்கிளை அவர் சுமக்கக் கூடாது. சைக்கிள்தான் அவரைச் சுமக்க வேண்டும். ஏனென்றால் அவர் ஓடிக்கொண்டிருந்தது டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில். பெயர் யூஜின் கிறிஸ்தோஃப். முந்தைய வருடம் இரண்டாம் இடம். இந்த வருடம் எப்படியும் ஜெயித்துவிடுவார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சரிவில் வேகமாக இறங்கும்போது ஹேண்டில்பார் சொன்னபடி கேட்கவில்லை. நிறுத்திப் பார்த்தால், ஃபோர்க் முறிந்திருக்கிறது.

ஃபோர்க் என்றால்? முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி கவ்விக்கொண்டிருக்கிறதே, அதுதான். ரோட்டில் பள்ளம் வந்தாலும் கல் வந்தாலும் முதல் அடி அதற்குத்தான். சங்கிலி அறுந்தால் சைக்கிள் நிற்கும். ஃபோர்க் முறிந்தால் ஆளே போய்விடுவார். கிறிஸ்தோஃப் பிழைத்ததே பெரிய விஷயம்.

இன்றைக்காக இருந்தால் பின்னால் வரும் காரிலிருந்து புது சைக்கிள் இறங்கும். அன்றைக்கு விதி வேற. உடைந்தது எதுவானாலும் வீரர் தானேதான் சரிசெய்ய வேண்டும். யாரும் உதவக் கூடாது. பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, செயின்ட் மரி த காம்பான் என்ற சின்ன கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கொல்லுப் பட்டறை.

நல்லவேளை, கிறிஸ்தோஃப் இளம் வயதில் பூட்டுத் தொழில் பழகியவர். உலை, சம்மட்டி எல்லாம் கைவந்த வேலை. பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி, அடித்து, தன் ஃபோர்க்கைத் தானே ஒட்டவைத்தார். ஒரே ஒரு சங்கடம். காய்ச்சிய இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துருத்தியை எப்படி ஊதுவது? பட்டறையில் இருந்த ஒரு பையன் ஊதினான்.

அதற்கு அபராதம் போட்டார்கள்! பத்து நிமிடம். பிறகு மனசு இரங்கி, மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள்.

ஏற்கெனவே போனது ஏறக்குறைய நான்கு மணி நேரம். இதில் மூன்று நிமிடம் என்ன, பத்து நிமிடம் என்ன? ஆனாலும் மனிதர் விடவில்லை. ஒட்டுப்போட்ட ஃபோர்க்கோடு ஏறி உட்கார்ந்தார். பந்தயத்தை முடித்தார். ஏழாவது இடம்.

கதை இதோடு முடிந்திருந்தால் வெறும் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 1919-ல் மறுபடி டூர் டி பிரான்ஸ். முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை தரும் வழக்கம் அந்த வருடம்தான் தொடங்கியது. முதன்முதலில் அதை அணிந்தவர் நம்ம கிறிஸ்தோஃப். கடைசிக்கு முந்தைய கட்டம். கையில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான முன்னிலை. வாலென்சியென் ஊருக்குப் பக்கத்தில், கற்கள் பாவிய ரோட்டில், ஃபோர்க் முறிந்தது. மறுபடியும் தானே சரிசெய்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போச்சு. பந்தயமும் போச்சு. மூன்றாம் இடம். மனம் பொறுக்காமல் பிரெஞ்சு மக்கள் அவருக்காகப் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். 1922-ல், கலிபியே மலையில் மூன்றாவது முறை. வேறென்ன, ஃபோர்க்தான்.

டூர் டி பிரான்ஸை அவர் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை.

ஒரே மனிதருக்கு மூன்று தடவையா என்று கேட்பீர்கள். உலோகம் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. ஆயிரம் சின்ன அடிகளை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் சாதாரணப் பள்ளத்தில் படக்கென்று விட்டுவிடும். இதற்கு அந்தக் காலத்துப் பதில், இரும்பைக் கனமாக்கு என்பதுதான். ஸ்பிரிங் வைத்த சைக்கிள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் கனமும் கூடியது, மிதிக்கிற சக்தியையும் ஸ்பிரிங் தின்றது. பந்தயக்காரர்கள் சீந்தவில்லை.

1930-களில் அமெரிக்காவில் அப்படித்தான் குண்டு டயரும் குண்டு இரும்புமாக சைக்கிள்கள் செய்தார்கள். நாற்பது வருடம் கழித்து, கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். எதற்கு? மலையிலிருந்து மண்பாதையில் உருட்டி இறங்க! 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி முதல் பந்தயத்தை நடத்தினார். சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம், 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்குப் பெயரே ‘ரீபேக்’. இந்தக் கூத்திலிருந்து பிறந்ததுதான் மவுன்டன் பைக்.

கல்லிலும் வேரிலும் இறங்கும்போது, கனமான இரும்பும் எத்தனை நாள் தாங்கும்? தாங்கினாலும் ஓட்டுகிறவரின் மணிக்கட்டு தாங்குமா? இந்த இடத்தில்தான் கேள்வி மாறியது. அடியைத் தாங்குவதற்குப் பதிலாக, அடிக்கு வளைந்துகொடுத்தால் என்ன? மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியை ஆரம்பித்து, 1989-ல் ஒரு ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். உள்ளே அழுத்தப்பட்ட காற்று, எண்ணெய். அமுங்குவது வெறும் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். 1990-ல் கொலராடோவின் துராங்கோ நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், மலையிறக்கப் போட்டியை கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தது இதை வைத்துத்தான்.

அப்புறம் பாருங்கள் வேடிக்கையை. 1992-லும் 1993-லும் வடக்கு பிரான்ஸில் பாரிஸ்-ரூபே பந்தயம். கிறிஸ்தோஃபின் மஞ்சள் சட்டையைப் பறித்த அதே மாதிரி கல் ரோடுகள். இரண்டு தடவையும் ஜெயித்த டுக்லோ லசால் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் சைக்கிளில் இருந்தது மலைக்குச் செய்த அந்த அமுங்கும் ஃபோர்க்!

இன்றைக்கு உங்கள் வீட்டுப் பையனின் சைக்கிளிலேயே அமுங்கும் ஃபோர்க் இருக்கலாம். அது காற்று ஃபோர்க் என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அவன் ஏறி அசையாமல் உட்காரும்போது, மொத்தம் அமுங்கக்கூடிய அளவில் சுமார் கால்பங்கு இறங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் என்றால் 20-லிருந்து 25. அதிகம் இறங்கினால் காற்று போதவில்லை. இறங்கவே இல்லையென்றால் காற்று அதிகம்; அப்போது அது கிறிஸ்தோஃப் காலத்து ஃபோர்க்தான். அமுங்கினது திரும்பி எழும் வேகத்துக்கும் ஒரு திருகு இருக்கலாம். ரொம்ப வேகமாக எழுந்தால் ஆளைத் தூக்கியடிக்கும். ரொம்ப மெதுவென்றால் அடுத்த பள்ளத்துக்குள் எழுந்திருக்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கிறிஸ்தோஃபின் ஃபோர்க் இரும்பு. காய்ச்சினால் ஒட்டும். இன்றைய அலுமினியமும், மக்னீசியமும், கார்பனும் கொல்லுப் பட்டறைக்குக் கட்டுப்படாது. கீறல் தெரிந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாற்றுவதுதான் வழி. அமுங்கும் தண்டில் எண்ணெய் கசிந்தாலும் சும்மா விடாதீர்கள். அடி வாங்கிய ஃபோர்க்கை வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். இரண்டே நிமிட வேலை.

செயின்ட் மரி த காம்பானில் இப்போது கிறிஸ்தோஃபுக்குச் சிலை இருக்கிறது. அந்த வருடப் பந்தயத்தை ஜெயித்தவர் பெல்ஜியத்தின் ஃபிலிப் தீஸ். டூர்மாலேயிலிருந்து இறங்கி அந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்பது அவரைப் பற்றி அல்ல. அந்தப் பட்டறை எங்கே இருந்தது என்றுதான்.