பிக்-அப் டிரக்கில் கேம்பர் ஏற்ற வேண்டுமா? வண்டியை வாங்கும் முன் பார்க்க வேண்டிய எடைக் கணக்கு

பிக்-அப் டிரக்கின் சரக்குத் தொட்டியில் ஏற்றி எடுத்துச் செல்லக்கூடிய சிறு வீடே 'டிரக் கேம்பர்' எனப்படுகிறது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன், பெரிய மாதிரிகளில் கழிப்பறையும் குளியலறையும் இதில் அமைந்திருக்கும். இதற்கெனத் தனிச் சக்கரமோ அச்சோ கிடையாது. நான்கு மூலைகளிலும் உள்ள ஜாக்கிகளின் மீது கேம்பரை உயர்த்தி, அதன் அடியில் டிரக்கைப் பின்னோக்கிச் செலுத்தி ஏற்றுகின்றனர். பயணம் முடிந்து இறக்கி வைத்துவிட்டால், வண்டி மீண்டும் சாதாரண டிரக்காகிவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய பயணம் பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-ஆம் ஆண்டு தமது நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தது, கேம்பர் பொருத்திய ஜிஎம்சி பிக்-அப் டிரக்கில்தான்.

எனினும், இந்தப் பயண முறையில் வாங்குவோர் பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. முதலில் பிடித்த டிரக்கை வாங்கிவிட்டு, பின்னர் அதற்கேற்ற கேம்பரைத் தேடுவதே அது. இழுவை வண்டியாக இருந்தால், அதன் எடையின் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்கும். கேம்பரின் எடையோ முழுவதும் டிரக்கின் சட்டகம், ஸ்பிரிங், அச்சு, டயர் ஆகியவற்றின் மீதே இறங்குகிறது. ஆகவே, முதலில் கேம்பரையும், பிறகு அதைத் தாங்கும் டிரக்கையும் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசையாகும்.

கதவோரச் சீட்டு சொல்வது என்ன?

ஒரு டிரக் எவ்வளவு சுமக்கும் என்பதை அதன் விளம்பரம் முடிவு செய்வதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டுகளே முடிவு செய்கின்றன.

முதலாவது, உற்பத்தியாளரின் சான்றுச் சீட்டு. இதில் வண்டி, எரிபொருள், பயணிகள், சரக்கு அனைத்தும் சேர்ந்து தாண்டக் கூடாத அதிகபட்ச மொத்த எடையும், முன் அச்சு, பின் அச்சு ஆகியவை ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய எடையும் குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, டயர் மற்றும் சுமை குறித்த சீட்டு. பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை இது நேரடியாகச் சொல்கிறது. ஒரே மாதிரி, ஒரே ஆண்டு டிரக்குகளாக இருந்தாலும், நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின், கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை என வசதிகள் கூடக்கூட இந்த எண் குறைந்துகொண்டே வரும். எனவே, விற்பனைக் கையேட்டில் உள்ள 'அதிகபட்சச் சுமை' என்பதை நம்பாமல், வாங்கவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் சீட்டையே பார்க்க வேண்டும்.

10,000 பவுண்டுக்கு (4,536 கிலோ) மேற்பட்ட மொத்த எடை வரம்பு கொண்ட டிரக்குகளுக்கு இந்த இரண்டாவது சீட்டு கட்டாயமில்லை. அத்தகைய வண்டியை எரிபொருள் நிரப்பி எடை மேடையில் நிறுத்தி, கிடைக்கும் எடையை மொத்த வரம்பிலிருந்து கழித்தால் உண்மையான சுமைத் திறன் தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் கேம்பருக்கெனவே தனிப் பிரிவு ஒன்றும் உள்ளது. கேம்பர் ஏற்றத்தக்க டிரக்கைத் தயாரிப்பவர், அதன் சரக்கு எடை வரம்பையும், சரக்கின் ஈர்ப்பு மையம் தொட்டியில் எந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்பதையும் வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஓர் இருக்கைக்கு 150 பவுண்டு (68 கிலோ) வீதம் பயணிகளின் எடை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். கேம்பர் தயாரிப்பாளரும் தண்ணீர், எரிவாயு உள்ளிட்டவற்றுடன் கூடிய எடையைக் கேம்பரின் மீது எழுதி ஒட்ட வேண்டும்.

பெயரில் உள்ள 'டன்' ஏமாற்றும்

அமெரிக்கச் சந்தையில் பிக்-அப் டிரக்குகள் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என வகைப்படுத்தப்படுகின்றன. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 ஆகியவை அரை டன் வகை; எஃப்-250, ராம் 2500 ஆகியவை முக்கால் டன் வகை; எஃப்-350, ராம் 3500 ஆகியவை ஒரு டன் வகை. இவை பழைய காலச் சுமைத் திறனிலிருந்து வந்த பெயர்கள். இன்றைய உண்மையான சுமைத் திறனுக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கேம்பர்களும் எடையில் பெரிதும் வேறுபடுகின்றன. கூரையை மடக்கி உயர்த்தும் இலகு வகைகள் சுமார் 500 கிலோவில் தொடங்குகின்றன. கெட்டியான சுவர் கொண்டவை ஒரு டன்னை ஒட்டி அமைகின்றன. பக்கவாட்டில் விரியும் அறை கொண்ட பெரிய வகைகள், பொருள்கள் ஏற்றுவதற்கு முன்பே ஒன்றரை முதல் இரண்டு டன் வரை எடை கொண்டிருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு

தொழிற்சாலை எடை 1,000 கிலோ கொண்ட கேம்பரை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு இது நடுத்தர அளவே. ஆனால், 110 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 110 கிலோ கூடும். இரண்டு எரிவாயு சிலிண்டர்கள் 35 கிலோ, பேட்டரியும் சூரியத் தகடும் 45 கிலோ, கேம்பரைப் பிணைக்கும் கொக்கிகளும் ரப்பர் விரிப்பும் 40 கிலோ, உணவு, உடை, பாத்திரம், நாற்காலிகள் 150 கிலோ, பயணிக்கும் இருவர் 150 கிலோ. ஆக மொத்தம் 1,530 கிலோ.

இப்போது முக்கால் டன் டீசல் டிரக் ஒன்றைப் பார்ப்போம். மொத்த எடை வரம்பு 4,536 கிலோ. எரிபொருளுடன் வண்டியின் சொந்த எடை 3,500 கிலோ என்றால், மிஞ்சுவது 1,036 கிலோ மட்டுமே. கேம்பரின் தொழிற்சாலை எடையை மட்டும் பார்த்தவருக்கு இது பொருந்துவதாகவே தோன்றும். உண்மையில் வண்டி ஏறத்தாழ 500 கிலோ கூடுதல் சுமையுடன் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

மொத்த வரம்பு 5,200 கிலோவும் சொந்த எடை 3,550 கிலோவும் கொண்ட ஒரு டன் டிரக்கில் 1,650 கிலோ கிடைக்கும். மேற்கண்ட சுமை அதில் அடங்கிவிடும். பின் அச்சில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒரு டன் டிரக்குகள் சிலவற்றின் மொத்த வரம்பு 14,000 பவுண்டு (6,350 கிலோ). அதன் சொந்த எடை 3,800 கிலோ எனக் கொண்டாலும், 2,550 கிலோ வரை ஏற்ற இடமுண்டு. விரியும் அறை கொண்ட பெரிய கேம்பர்களுக்கு இவ்வகை டிரக்கே பொருந்தும்.

தண்ணீர் தீரத்தீர எடை குறைந்துவிடும் என்றும் கருத இயலாது. பயன்படுத்திய நீர் கேம்பரின் கழிவுநீர்த் தொட்டிக்கே செல்வதால், அதை வெளியேற்றும் வரை சுமை அப்படியே இருக்கும்.

டீசலா, பெட்ரோலா?

மலைப் பாதையில் ஏறுவதற்கு டீசல் இஞ்சினின் இழுவிசை உதவும். இறங்கும்போது அதன் எக்சாஸ்ட் பிரேக் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால், டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினைவிட எடை கூடியது. மொத்த வரம்பு ஒன்றாகவே இருக்கும் இரண்டு டிரக்குகளில், டீசல் வண்டியின் சுமைத் திறன் சில நூறு கிலோ வரை குறைந்துவிடும். முக்கால் டன் வகையில் கேம்பர் ஏற்ற விரும்புவோருக்குப் பெட்ரோல் இஞ்சினே பொருத்தமாக அமைவதற்கு இதுவே காரணம்.

இழுவைத் திறனையும் சுமைத் திறனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐந்து, ஆறு டன் இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் டிரக், முதுகில் ஒரு டன்னைக்கூடச் சுமக்க இயலாததாக இருக்கலாம். கேம்பருடன் படகு போன்றவற்றையும் இழுத்துச் செல்வதானால், இழுவை வண்டி கொக்கியின் மீது இறக்கும் எடையும் சுமைக் கணக்கில் சேரும்.

ஈர்ப்பு மையமும் தொட்டியின் நீளமும்

எடை வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. அந்த எடை எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர் மேலேயோ அதற்கு முன்பாகவோ அமைய வேண்டும். பின் அச்சைத் தாண்டிப் பின்னால் சென்றால், முன் சக்கரங்களின் மீதுள்ள அழுத்தம் குறைந்து, திசைதிருப்பும் பிடிப்பும் முன் பிரேக்கின் பலனும் குறையும்.

முழு அளவு டிரக்குகளின் தொட்டி பொதுவாக ஐந்தரை, ஆறரை, எட்டு அடி நீளங்களில் வருகிறது. எட்டு அடித் தொட்டிக்கென வடிவமைத்த கேம்பரைக் குறுகிய தொட்டியில் ஏற்றினால், அதன் பெரும்பகுதி வெளியே நீண்டு ஈர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளப்படும். தொட்டியின் நீளத்துடன் சக்கர வளைவுகளுக்கு இடையிலான அகலம், பக்கச் சுவரின் உயரம், கேபின் கூரைக்கும் கேம்பரின் முன்நீட்சிக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஆகியவற்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

டயரும் ஸ்பிரிங்கும்

அரை டன் டிரக்குகள் பலவற்றில் கார் வகை டயர்களே பொருத்தப்பட்டிருக்கும். கேம்பருக்கு இலகு சரக்கு வாகன வகை டயர்கள் தேவை. டயரின் பக்கச் சுவரில் 125/122 எனச் சுமைக் குறியீடு இருந்தால், தனிச் சக்கரமாக 1,650 கிலோவும், இரட்டைச் சக்கரத்தில் ஒன்றாக 1,500 கிலோவும் தாங்கும் என்று பொருள். பின் அச்சில் இத்தகைய இரண்டு டயர்கள் இருந்தால் 3,300 கிலோவே உச்ச வரம்பு. கேம்பரின் சுமையில் பெரும்பங்கு பின் அச்சிலேயே விழுவதால், மொத்த வரம்பைவிடப் பின் அச்சின் வரம்பே முதலில் எட்டப்படுவதும் உண்டு.

டிரக் பின்புறம் தாழ்ந்தால் துணைக் காற்று ஸ்பிரிங் பொருத்தி நிமிர்த்துகின்றனர். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தடித்த ஸ்வே பார் பொருத்துகின்றனர். இவை ஓட்டத்தைச் சீராக்கும். ஆனால் கதவோரச் சீட்டில் உள்ள எடை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை. ஸ்பிரிங் மட்டுமன்றி அச்சு, பிரேக், சட்டகம் ஆகியவற்றையும் கருத்தில் கொண்டே உற்பத்தியாளர் அந்த வரம்பை நிர்ணயிக்கிறார். பழைய டிரக்கை வாங்குவோர், சட்டகத்தில் துரு உள்ளதா, வண்டியின் உயரம் கூட்டப்பட்டுள்ளதா, பெரிய டயர் மாற்றப்பட்டுள்ளதா என்பதையும் சோதிப்பது அவசியம்.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் டிரக் கேம்பர்கள் இன்னும் பரவலாகவில்லை. ஆயினும், ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் நெடும்பயண விரும்பிகளை ஈர்த்துள்ளன. இவை பயணிகளின் வசதியை முன்னிறுத்தும் வண்டிகள். மாறாக, டாடா யோதா 2.0 சரக்கு வண்டியின் சுமைத் திறன் 2,000 கிலோ. மஹிந்திரா பொலேரோ பிக்-அப் 1.7டி வகையின் திறன் 1,700 கிலோ. தோற்றமும் விலையும் சுமைத் திறனுக்கு அளவுகோல் அல்ல என்பதற்கு இதுவும் சான்றாகும்.

சட்டத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. இதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே சட்டத்தின் 194-ஆவது பிரிவு, அனுமதிக்கப்பட்ட எடையை மீறினால் ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 வீதமும் விதிக்கிறது. அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ சுமை நீண்டிருந்தாலும் ரூ.20,000 அபராதம் உண்டு. ஆகவே, கேம்பர் செய்யப் பணம் கொடுக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விளக்கம் பெறுவது நல்லது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* எத்தனை பேர், எத்தனை நாள், எந்தப் பருவத்தில் பயணம் என்பதைக் கொண்டு கேம்பரை முதலில் முடிவு செய்ய வேண்டும்.
* தண்ணீர், எரிவாயு, பொருள்கள், பயணிகள் அனைத்தையும் சேர்த்த எடையைக் கணக்கிட வேண்டும்.
* அந்த எடையைவிடச் சில நூறு கிலோ கூடுதல் திறன் கொண்ட டிரக்கைக் கதவோரச் சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
* பின் அச்சின் வரம்பு, டயரின் சுமைக் குறியீடு, தொட்டியின் நீளம், ஈர்ப்பு மையத்தின் இடம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும்.
* பயணத்துக்குத் தயாரான நிலையில் முன் அச்சு, பின் அச்சு எனத் தனித்தனியே எடை போட வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் லாரி நிறுத்தங்களில் சிறு கட்டணத்தில் இந்த வசதி கிடைக்கிறது.

டிரக்கை வாங்கிய பின் எடை கூடுதல் எனத் தெரியவந்தால், மீதமிருக்கும் வழிகள் இரண்டுதான்: கேம்பரை மாற்றுவது அல்லது டிரக்கை மாற்றுவது. இரண்டிலும் இழப்பு கணிசமாக இருக்கும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஓட்டுநர் கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படித்துவிடுவது நல்லது.